ஆராய்ச்சியும் ஃபர்ளு கிஃபாயாவே!

(நம் ஜமாஅத்தின் கல்வி விருது வழங்கும் விழாவில், பள்ளிவாசலின் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

      

இன்று மேடைக்கு வந்து விருது பெற்ற பிள்ளைகளைக் கண்டு உள்ளம் பூரிப்படைந்தது. பொறியியல் படிப்போர், மருத்துவம் படிப்போர், கணக்காளர் தேர்வு எழுதுவோர் என ஒவ்வொருவராக வந்தனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். வரலாறு படிக்கும் ஒரு பிள்ளையோ, மொழியியலில் ஆய்வு செய்யும் ஒரு பிள்ளையோ, தாவரங்களையும் விலங்குகளையும் ஆராயும் ஒரு பிள்ளையோ அந்த வரிசையில் இல்லை. இல்லாமற் போனதற்கு நானும் ஒரு காரணம் என்பதை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இன்று பேச வந்தேன்.

என் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஒரு தகரப் பெட்டியுடன் வந்தார். “ஹஜ்ரத், பழைய வீட்டை விற்கப் போகிறோம். இவை எங்கள் பாட்டனார் காலத்துக் கிதாபுகள். செல்லரித்துவிட்டன. வீட்டில் வைத்திருந்து பேணவும் முடியவில்லை. குப்பையில் போடவும் அச்சமாயிருக்கிறது. என்ன செய்வது?” என்று கேட்டார். சிதைந்த முஸ்ஹபின் தாள்களைத் தூய துணியில் சுற்றிக் கால் படாத இடத்தில் அடக்கம் செய்யலாம் என்னும் சட்டத்தைக் கூறினேன். அவ்வாறே கபரஸ்தானின் ஓர் ஓரத்தில் குழி தோண்டி அடக்கம் செய்தோம்.

நான் சொன்ன மஸ்அலாவில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இருந்தவை அனைத்தும் முஸ்ஹபின் தாள்கள்தானா என்று நான் பார்க்கவில்லை. மேலாக இருந்த ஒரு கையெழுத்து ஏட்டை மட்டும் திறந்தேன். எழுத்து அரபு, மொழி தமிழ். காய்ச்சலுக்கான ஏதோ ஒரு மருந்தின் பெயரும், சுக்கு, திப்பிலி ஆகியவற்றின் அளவும் அதில் இருந்தன. மூடிவிட்டேன். மண்ணில் வைத்துவிட்டோம்.

சில மாதங்கள் கழித்து அதே குடும்பத்தின் பெண் பிள்ளை தன் தாயாருடன் வந்தாள். கல்லூரியில் வரலாறு படிப்பவள். “ஹஜ்ரத், எங்கள் பாட்டனாரின் தகப்பனார் கையால் எழுதிய அரபுத்தமிழ் ஏடு ஒன்று இருந்ததாமே! அதை வைத்து ஆய்வு செய்ய விரும்புகிறேன்” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு, மேற்படிப்புக்காக நம் கல்வி உதவி நிதிக்கு அவள் விண்ணப்பித்தாள். தொழிற்கல்விக்கு மட்டுமே உதவி என்னும் விதியைக் காட்டி அந்த விண்ணப்பம் திருப்பப்பட்டது. திருப்பிய தாளில் என் கையொப்பமும் உண்டு. ஒரு பிள்ளையின் ஏட்டை ஒரு முறையும், அவளுடைய படிப்பை மறுமுறையும் நான் மண்ணில் வைத்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

ஓர் ஏட்டுக்கு எத்தனை இல்ம்!

அந்த ஏடு இன்று நம் கையில் இருந்திருந்தால் அதை முழுமையாக அறிவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அரபு எழுத்தையும் தமிழ் மொழியையும் அறிந்த ஒருவர் அதை வாசிக்க வேண்டும். தாளும் மையும் எவற்றால் ஆனவை, அவை ஏன் அரிக்கின்றன என்பதை வேதியியல் அறிந்தவர் சொல்ல வேண்டும். தாளைத் தின்னும் பூச்சியைப் பற்றி விலங்கியல் அறிந்தவர் கூற வேண்டும். அதில் கண்ட மூலிகை எது என்பதைத் தாவரவியல் அறிந்தவரும், அம்மருந்து பயன் தருமா, தீங்கு தருமா என்பதை மருத்துவ ஆய்வாளரும் தெளிவுபடுத்த வேண்டும். எழுதியவர் எந்தக் காலத்தவர், எந்தத் துறைமுகத்தோடு தொடர்புடையவர் என்பதை வரலாற்று ஆசிரியர் ஆராய வேண்டும். ஏட்டின் படத்தைக் கணினியில் சேமித்து உலகெங்கும் உள்ளோர் தேடிப் படிக்க வகை செய்வதற்குப் பொறியாளர் வேண்டும். நாம் விருது கொடுத்த பொறியியல் மாணவனும் அங்கே தேவைப்படுகிறான். நாம் உதவி மறுத்த வரலாற்று மாணவியும் அங்கே தேவைப்படுகிறாள். ஒருவர் இல்லாவிடில் மற்றவரின் பணி நிறைவு பெறாது.

இமாம் கஸ்ஸாலியின் கவலை

ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்பது நீங்கள் அறிந்ததே. ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவரின் கடமையும் நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவர். ஹிஜ்ரி 505-இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீன் நூலில், மருத்துவமும் கணிதமும் இத்தகைய ஃபர்ளு கிஃபாயாவைச் சேர்ந்தவை என்று விளக்குகிறார்கள். ஊரில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாத நிலையிலும், எல்லோரும் ஃபிக்ஹையே, அதிலும் வாதப் பிரதிவாதக் கலையையே நாடிச் செல்கிறார்களே என்று அவர்கள் வருந்துகிறார்கள். ஃபிக்ஹில் புகழும் பதவியும் இருந்த காலம் அது.

இன்று நிலைமை தலைகீழாகியிருக்கிறது. புகழும் ஊதியமும் எங்கே உள்ளனவோ அங்கே எல்லோரும் திரளுகிறோம்; ஏனைய இடங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. திரளும் இடம் மாறியிருக்கிறதே தவிர, இமாம் அவர்கள் சுட்டிய நோய் மாறவில்லை.

மார்க்கக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நம் பள்ளிச் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். சூரியனின் நிலையைக் கணக்கிடும் வானியல் இல்லையேல் அந்த அட்டவணை இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி அவர்கள் எழுதிய அல்ஜிப்ரா நூலின் பெரும் பகுதி, வஸிய்யத்தையும் வாரிசுரிமைப் பங்கீட்டையும் கணக்கிடும் முறைகளைப் பற்றியதாகும். மத்ரஸாவில் ஃபராயிள் ஓதும் மாணவனும், கல்லூரியில் கணிதம் படிக்கும் மாணவனும் ஒரே முன்னோரின் வாரிசுகள்.

நம் நகரத்தின் ஆய்வுகள்

ஆராய்ச்சி என்பது எங்கோ அயல்நாட்டில் நடப்பது என்று எண்ண வேண்டாம். 1956-இல் நம் நகரின் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. காசநோய் கண்டவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தொலைவிலுள்ள சானடோரியத்தில் மாதக் கணக்கில் வைத்திருந்த காலம் அது. ஏழை நோயாளிகளை ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மறு பகுதியினர் தம் நெருக்கடியான வீடுகளிலும் இருந்தவாறு ஓராண்டு மருந்து உட்கொள்ளச் செய்து அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர். வீட்டார்க்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. தாயைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை என்று நிறுவிய ஆய்வு இது. மருந்தை அறிந்தால் மட்டும் இந்த ஆய்வு முடிந்திருக்காது. ஏழை வீட்டின் உணவையும், உறக்கத்தையும், வறுமையையும் அறிய வேண்டியிருந்தது.

நம் சமுதாயத்தார் பலருக்குத் தோல் தொழில் வாழ்வளித்திருக்கிறது. பெரியமேட்டின் தோல் மண்டிகளையும், ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்கூடங்களையும் அறியாதவர் இங்கு இல்லை. 1948-இல் அடையாற்றில் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அத்தொழிலுக்குத் துணை நின்று வருகிறது. பாலாற்றுப் படுகையின் மாசு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குரோமியத்தையும் உப்பையும் எவ்வாறு குறைப்பது என்பது தொழில் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாயிற்று. அங்கே வேதியியலும் தேவை, சட்டமும் தேவை, ஆற்று நீரை நம்பியிருந்த உழவரின் துயரை உணரும் சமூகவியலும் தேவை.

ராயப்பேட்டையின் ஆய்வு மரபு

நாம் வாழும் ராயப்பேட்டைக்கும் பெருமைமிகு ஆய்வு மரபு உண்டு. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் சென்னையில் வாழ்ந்த மௌலானா முஹம்மது கௌஸ் ஷரஃபுல் முல்க் (ரஹ்) அவர்கள், திருக்குர்ஆனின் எழுத்தமைப்பு முறையை ஆராய்ந்து ‘நஸ்ருல் மர்ஜான்’ என்னும் நூலை ஏழு பாகங்களில் எழுதினார்கள். ஒவ்வொரு சொல்லும் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதற்கே ஏழு பாகங்கள்! அவர்களின் மகனார் காளி பத்ருத்தவ்லா (ரஹ்) அவர்கள் தலைமை நீதிபதியாகவும், பல நூல்களின் ஆசிரியராகவும் விளங்கினார்கள். அந்தக் குடும்பத்தோடு தொடர்புடைய மத்ரஸா-இ-முஹம்மதி நூலகம் இங்கேதான், திவான் சாஹிப் தோட்டத்தில் இருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் வழியில் 1908-இல் ஹைதராபாத்தில் பிறந்தவரே டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (ரஹ்) அவர்கள். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும், பாரிஸின் சோர்போனிலும் முனைவர் பட்டங்கள் பெற்றார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவராகிய ஹம்மாம் இப்னு முனப்பிஹ் (ரஹ்) அவர்கள் தொகுத்த ஸஹீஃபாவின் பிரதிகளைப் பெர்லினிலும் டமாஸ்கஸிலும் கண்டு, ஒப்பிட்டு, 1953-இல் பதிப்பித்தார்கள். அதிலுள்ள 138 ஹதீஸ்கள், பிற்காலத்தில் எழுந்த முஸ்னது அஹ்மதில் பெரும் மாற்றமின்றி அப்படியே இருப்பது தெளிவாயிற்று. ஹதீஸ்கள் வெகு காலம் கழித்தே எழுதப்பட்டன என்று கூறி வந்தவர்களுக்கு, கோபத்தாலன்றி ஆதாரத்தால் அளிக்கப்பட்ட பதில் அது. பத்ரு, உஹது போர்க்களங்களுக்கு நேரில் சென்று, நிலத்தை அளந்து, வரைபடம் வரைந்தார்கள். ஹதீஸை விளங்க நில அளவையும் உதவும் என்று காட்டினார்கள்.

அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய இடம் எது தெரியுமா? பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையம்! இயற்பியலாளரும் வேதியியலாளரும் பணிபுரியும் அதே அமைப்பு, ஹதீஸ் ஆய்வாளருக்கும் ஊதியமளித்துப் போற்றியது. அந்த நாடு வகுக்காத வேலியை நம் கல்வி நிதியின் விதியில் நாம் வகுத்து வைத்திருக்கிறோம்.

நம் தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. இலங்கையின் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றி ஆய்ந்தார்கள். அது 1953-இல் நூலாயிற்று. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, பேராசிரியர் அஜ்மல்கான் அவர்களுடன் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். வீட்டுப் பரண்களில் கிடந்த ஏடுகளை அவர்களைப் போன்றோர் தேடியிராவிட்டால், நம் முன்னோர் தமிழுக்கு என்ன செய்தனர் என்ற கேள்விக்கு நாம் மௌனமாய் நின்றிருப்போம்.

வயிற்றுக்குச் சோறு போடுமா?

“ஹஜ்ரத், இவையெல்லாம் நன்றே, வயிற்றுக்குச் சோறு போடுமா?” என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை வீட்டில் வாழும் ஆட்டோ ஓட்டுநரின் பிள்ளையிடம் இருபத்தெட்டு வயது வரை படித்துக்கொண்டிரு என்று சொல்வது எளிதன்று. தேசியத் தகுதித் தேர்வில் சிறப்பிடம் பெறுவோர்க்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை உண்டு. அது மொழி, வரலாறு பயில்வோர்க்கும் உரியது. ஆனால் அது சிலருக்கே கிட்டும். சிறுபான்மை மாணவர்க்கென 2009-இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆஸாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2022–23-ஆம் கல்வியாண்டிலிருந்து புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவேதான் ஜமாஅத்தின் கடமை கூடுகிறது. தனி ஒருவரால் சுமக்க முடியாததைச் சேர்ந்து சுமப்பதற்குத்தான் ஃபர்ளு கிஃபாயா. எல்லாப் பிள்ளைகளும் ஆய்வாளராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டில் ஒரு பிள்ளை போதும்.

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவதாக, கல்வி உதவி நிதியின் விதியில் ‘தொழிற்கல்வி’ என்று இருக்கும் இடத்தில் ‘உயர்கல்வியும் ஆராய்ச்சியும்’ என்று மாற்றுமாறு நிர்வாகக் குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு மாற்றினால், முன்பு திருப்பப்பட்ட விண்ணப்பத்தை மீண்டும் கேட்டுப் பெறும் பொறுப்பை நானே ஏற்கிறேன். அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவை நானே தட்டுவேன்.

இரண்டாவதாக, உங்கள் வீடுகளில் பழைய கிதாபுகள், கையெழுத்து ஏடுகள், கப்பல் கணக்குகள், பழைய கடிதங்கள் இருந்தால், அடக்கம் செய்யுமுன் என்னிடம் காட்டுங்கள். சனிக்கிழமைதோறும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளியின் அலுவலக அறையில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். தாள் தாளாகப் பார்ப்போம். பேணத்தக்கவற்றை நீங்களே வைத்துக்கொண்டு படமெடுக்க மட்டும் அனுமதிக்கலாம். விரும்பினால் 1869-இல் தொடங்கப்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களுக்கு வழங்கலாம்.

மூன்றாவதாக, மாணவச் செல்வங்களே! பீட்டர்ஸ் சாலையில் 1951-இல் நம் முன்னோர் நிறுவிய புதுக்கல்லூரி இருக்கிறது. கடற்கரையோரம் 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும், அதில் 1927 முதல் அரபு, பாரசீக, உருதுத் துறையும் இருக்கின்றன. நீங்கள் எத்துறையில் பயின்றாலும் பிறிதொரு துறையில் பயிலும் ஒரு நண்பரையேனும் தேடிக்கொள்ளுங்கள். “நீ என்ன ஆராய்கிறாய்? ஏன்?” என்று கேளுங்கள். பத்தாண்டுகள் மத்ரஸாவில் ஓதிய நானும் அந்தக் கேள்வியை முன்பே கேட்டிருந்தால் அந்தப் பெட்டியை அவ்வளவு விரைவில் மூடியிருக்க மாட்டேன்.

யா அல்லாஹ்! பயன் தரும் கல்வியை எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் அதிகப்படுத்துவாயாக! நாங்கள் அறியாமல் இழந்தவற்றுக்குப் பகரமாகச் சிறந்ததைத் தருவாயாக! கல்விக்காக வாரி வழங்கும் இந்த ஜமாஅத்தின் செல்வத்திலும் ஒற்றுமையிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.