கதையில் வந்த கடல்



சோழமண்டலக் கரையில், மீனவர் குப்பம் ஒன்றை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் நான் பல்லாண்டுகள் பணியாற்றினேன். பின்கட்டுத் திண்ணையில் நின்றால் அலைநுரை தெரியும். அங்குச் சேர்ந்ததும் நான் செய்த முதற் காரியம், ‘கடலருகே செல்லாதே’ என்று பலகை எழுதி மாட்டியது. பிள்ளைகள் அதைக் கண்டு சிரித்தார்கள். தந்தையின் கட்டுமரம் கரையேறும்போது ஓடிச் சென்று வலையைப் பிடிக்காத பிள்ளை அக்குப்பத்தில் ஏது? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் கற்ற பாடம். கடலைப் பொறுத்தவரை தெரிந்தவர்கள் பிள்ளைகள், தெரியாதவன் நான்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவை அடுத்த கடலடியில், நம் நேரப்படி காலை ஆறரை மணியளவில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை நம் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தது. அதை அறிந்தவர்தாம் எங்கள் கரையில் இல்லை. பள்ளி மீண்டும் திறந்த நாளில் மூன்றாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை நானே வாசித்தேன். நான்கு பெயர்களுக்குக் குரல் வரவில்லை. ஓதம், அலை என்றெல்லாம் பூகோளப் பாடம் நடத்திய என் வாய் அன்று அடைத்துப் போயிற்று.

சில காலம் கழித்துச் சிமெயுலுவே என்னும் தீவைப் பற்றிப் படித்தேன். சுமத்ராவின் மேற்கே, அந்த நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருக்கும் இந்தோனேசியத் தீவு அது. 1907ஆம் ஆண்டில் அங்கும் ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டு போயிற்று. தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடும், கடல் வற்றும், உடனே குன்றுக்கு ஓடு. கதை இவ்வளவுதான். 2004இல் அத்தீவினருக்குக் கிடைத்தது ஏறத்தாழ பத்து நிமிடமே. மணி அடிக்கவில்லை, வானொலி அறிவிக்கவில்லை. ‘ஸ்மோங்’ என்று கூவிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 மக்களில் இறந்தவர் ஏழு பேர்.

இதைப் படித்த மறுநாளே என் பலகையைக் கழற்றினேன். அதன் இடத்தில் ‘கடல் பாட்டி’ பிறந்தாள். பாட்டிக்கு நீல நிறச் சேலை, நுரைச் சரிகை. மைதானத்தில் கோடு கிழித்து, பாதிப் பிள்ளைகளை அலைகளாக்கினேன். பாட்டி முந்தானையைச் சுருட்டினால் எல்லாரும் மணல்மேட்டுக்கு ஓட வேண்டும். கடைசியாக வருபவர் ஆட்டமிழந்தவர். பாட்டி வீட்டுக்குப் போகும் வழி ஒன்றும் உண்டு. கரையேறிய தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? அலைகள் உடையும் இரண்டு இடங்களுக்கு நடுவே, நுரையின்றிச் சாந்தமாகத் தோன்றும் இடைவெளி வழியே அது வேகமாக உள்ளே இழுக்கும். உல்லாசமாகக் கடலாட வருவோர் அந்தச் சாந்தத்தை நம்பித்தான் பெரும்பாலும் உயிரிழக்கிறார்கள். அதில் அகப்பட்டவன் பாட்டியோடு மல்லுக்கு நிற்கலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதையும் கோடு கிழித்தே விளையாடினோம்.

ஒரு நாள், அண்ணனை அலைக்குப் பறிகொடுத்த சிறுமி எழுந்து, "ஐயா, அன்னிக்குப் பாட்டி முந்தானையைச் சுருட்டலையே, நேரா வந்துட்டாளே" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் கரையின் பல இடங்களில் முதலில் வந்தது அலையே, உள்வாங்கியது பிறகுதான். ஒரே அடையாளத்தைக் கற்பித்திருந்தேனே என்று உடல் நடுங்கிற்று. அன்றே கதையைத் திருத்தினேன்: நிலம் ஆடினாலும் ஓடு, கடல் வற்றினாலும் ஓடு, காரணமின்றிப் பொங்கினாலும் ஓடு, பாட்டி ஒரு முறை வந்து போனாள் என்று உடனே இறங்கிவிடாதே.

எதிர்ப்பும் வந்தது. மீனவர் ஒருவர் பள்ளிக்கே வந்து, "பயங்காட்டி வளத்தா என் மகன் நாளைக்கு எப்படித் தொழிலுக்குப் போவான், வாத்தியாரையா?" என்றார். நியாயமான கேள்வி. அவரையே வகுப்பில் அமர்த்தினேன். கொண்டல் எது, வாடை எது, சோழகம் வீசினால் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று அவர் ஒரு மணி நேரம் பேசினார். கடலில் இறங்குமுன் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைச் செய்து காட்டினார். அன்று கற்றவர்களில் நானும் ஒருவன்.

2007 முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. நல்லதே. ஆயினும் சாந்தமான அந்த இடைவெளிக்குச் சங்கு ஊதுவார் எவருமில்லை.

ஓய்வு பெற்ற பின் சென்ற ஆண்டு அக்குப்பத்துக்குப் போயிருந்தேன். தெருவில் சிறுவர் சிலர் பாட்டி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். என்னை அவர்களுக்குத் தெரியாது. மணல்மேடு இப்போது இல்லை. அதற்குப் பதில் புதுக் கட்டடத்தின் மாடிப்படி. "யார் கற்றுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். "அம்மா" என்றாள் ஒருத்தி. அதற்குள் எவனோ "சுருட்டிட்டா!" என்று கூவ, எல்லாரும் படியேறி ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். "தாத்தா அவுட்டு" என்று மேலிருந்து கைகொட்டினார்கள்.