வட்டமா, சமிக்ஞை விளக்கா?

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதால், பேராக்கில் நம் குடும்பங்கள் பல ஈப்போ நகர்ப்புறத்துக்கு வந்துவிட்டன. அங்கே நான்கு சாலைகள் கூடுமிடத்தில் எது நல்லது? நாம் பூலாத்தான் என்னும் வட்டமா, சமிக்ஞை விளக்கா?

வட்டத்தின் விதி எளிது. வலப்பக்கமிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும். பிரிட்டன் 1966-இல் இதைப் பொது விதியாக்கியது. சாதாரண நாற்சந்தியில் வாகனங்கள் மோதக்கூடிய இடங்கள் 32. ஒற்றைத் தட வட்டத்தில் 8 மட்டுமே. வேகம் தணிவதால் உயிர்ச்சேதமும் குறைகிறது.

ஆனால், ஒரு சாலையில் வாகனங்கள் இடைவிடாது வந்தால், அடுத்த சாலையில் நிற்பவர் வழியின்றித் தவிப்பார். விளக்கோ எல்லாருக்கும் முறை வகுத்துக் கொடுக்கும். பெட்டாலிங் ஜெயாவின் ரோத்மன்ஸ் வட்டம் பின்னாளில் விளக்குச் சந்திப்பாகவே மாறியது.

நடப்பவர்களையும் நினைக்க வேண்டும். வாகனம் ஓயாத வட்டத்தில் பள்ளிப் பிள்ளையும் பாட்டியும் எப்படிக் கடப்பார்கள்? பச்சை மனித உருவம் ஒளிரும் விளக்கே அவர்களுக்குத் துணை. அப்போதும் இருபுறமும் பார்த்தே கடக்கப் பழக்குவோம்.

ஆகவே, பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அருகில் விளக்கு. நடப்பவர் குறைந்த இடத்தில் வட்டம். நம் பகுதிச் சாலையை மாற்ற மாநகர் மன்றம் முனையும்போது, காலையில் எத்தனை பிள்ளைகள் நடந்து கடக்கிறார்கள் என்று எண்ணி, எழுதிக் கொடுப்போம்.