கூட்டழைப்பும் குரலடைப்பும்

(மங்கலத்தில், விசைத்தறியாளரும் பின்னலாடைத் தொழிலாளரும் கூடிய தமிழரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

  

நொய்யலாற்றை ஒட்டிய இம்மங்கலத்தில் ஒருவர் தொலைபேசியில் நான்கு சொல் பேசவேண்டுமாயின், முதற்கண் அவர் தறிக்கூடத்தை விட்டு வெளியே வருதல் வேண்டும். உள்ளே விசைத்தறிகள் எழுப்பும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவது தெரியுமேயன்றிச் சொல் கேளாது. கையசைத்தே வேலை சொல்லிப் பழகியவர்கள் இங்குள்ள தறிக்காரர்கள்.

அத்தகைய தறிக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாவும் ஊடையும் பிறருடையவை. நெய்து தரும் கூலி ஒன்றே அவருடையது. அக்கூலியை உயர்த்தக் கேட்டு 2022 சனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நிறுத்தப்பெற்றமை இங்குள்ளார் யாவரும் அறிந்தது. இனி அத்தகைய பேச்சொன்றிற்குப் பல்லடத்தார், சோமனூரார், அவிநாசியார், மங்கலத்தார் எல்லாரும் கைப்பேசி வழியாகக் கூடுகின்றனர் என்று கொள்வோம். ஓடும் தறியருகே நின்றபடியே அவர் அக்கூட்டத்துள் நுழைகின்றார். அவ்வளவுதான், பல்லடத்தார் பேச்சும் சோமனூரார் பேச்சும் தறியோசையில் மூழ்கிப் போகின்றன. "மியூட்டுப் போடுங்கள்! மியூட்டுப் போடுங்கள்!" என்று பத்துப்பேர் கத்துகின்றனர். ஒலியைக் குறைக்கச் சொல்கின்றார்கள் போலும் என்றெண்ணிய அவர், தம் கருவியின் ஒலிப்பொத்தானை அழுத்தி அடியோடு குறைத்து விடுகின்றார். இப்பொழுது அவர் காதில் ஒன்றும் விழவில்லை. அவருடைய தறியோசையோ முன்போலவே அனைவர் காதிலும் விழுந்துகொண்டிருக்கின்றது. கூலி என்னவென்று முடிவாயிற்று என்பதை மறுநாள் தேநீர்க்கடையில் பிறர் சொல்லித்தான் அவர் அறிய நேரும்.

இதில் அவர் பிழை யாது? ஒன்றுமில்லை. யாருடைய ஒலி, யாருடைய காதுக்கு என்பதைச் சொல்லாத ஒரு சொல்லை அவர் கையில் கொடுத்தது பிறர் பிழை. அதனை 'ஒலியடக்கு' என்று தமிழாக்கி விட்டாலும் குறை நீங்காது. எந்த ஒலியை அடக்குவது? 'முடக்கு' என்பது அதனினும் கேடு. கருவியே பழுதாகிவிடுமோ என்று தொடவும் அஞ்சுவர். இங்கே உண்மையில் நிகழும் செயல்கள் இரண்டு. தம் குரலைப் பிறர்க்குச் செல்லாமல் அடைப்பது ஒன்று. பிறர் குரலைத் தம் காதுக்கு வாராமல் அடைப்பது மற்றொன்று. முன்னதைக் குரலடைப்பு என்றும், பின்னதைச் செவியடைப்பு என்றும் வழங்கிவிட்டால், "குரலடைப்புச் செய்யுங்கள்" என்றவுடன் எதை அழுத்துவதென்று எழுத்தறியாதாரும் அறிவர். ஒலிவாங்கியின் படத்தின்மேல் குறுக்குக்கோடு விழுந்திருப்பின் குரல் அடைபட்டது என்று பொருள். ஒலிப்பானின் படத்தின்மேல் கோடு விழுந்திருப்பின் செவி அடைபட்டது என்று பொருள்.

கலைச்சொல்லாக்கம் என்றவுடன் ஆங்கிலச் சொல்லை ஒரு பக்கத்திலும் தமிழ்ச்சொல்லை மறு பக்கத்திலும் எழுதிவிட்டால் பணி முடிந்தது என்று கருதுவார் பலர். 'கான்பரன்சு கால்' என்பதற்கு 'மாநாட்டு அழைப்பு' என்று எழுதினவர்கள் அவ்வகையினரே. தமிழ்நாட்டில் மாநாடு என்றால் பந்தல் வேண்டும், கொடி வேண்டும், தீர்மானம் வேண்டும். ஊர்கள்தோறுமிருந்து மக்கள் வந்து குவிதல் வேண்டும். அண்ணன் தம்பி மூவர் தொலைபேசியில் நிலத்தகராறு பேசுவதற்கு மாநாடு எதற்கு? கூட்டழைப்பு என்பதே போதும். பொத்தான் வைத்த எளிய கைப்பேசியிலும் இது இயலும். ஒருவரை அழைத்துக் காக்கவைத்து, மற்றொருவரை அழைத்து, இருவரையும் இணைத்து விடலாம். அழைப்பவரையன்றிப் பொதுவாக ஐவர் வரை இவ்வாறு சேர்க்கலாம். இணையமும் வேண்டுவதில்லை. ஆயின், சேர்க்கப்பெற்ற ஒவ்வொருவர்க்கும் தனித்தனி அழைப்பாகவே கணக்கு ஓடும். சேர்த்தவர் தம் அழைப்பைத் துண்டித்தால் பெரும்பாலும் எல்லாருடைய இணைப்பும் அறுந்துபோம்.

'காணொளி' என்பதா, 'காணொலி' என்பதா என்னும் வழக்கு வேறு உண்டு. தமிழ்நாட்டரசின் செய்திக் குறிப்புகள் 'காணொலிக் காட்சி' என்றே எழுதுகின்றன. மக்கள் வழக்கில் 'காணொளி'யும் பரவலாக உள்ளது. காண்கின்ற ஒளி என்பாரும், காட்சியும் ஒலியும் என்பாரும் தத்தம் கட்சிக்கு இலக்கணங் காட்டுகின்றனர். ஒலியே அதன் உயிர் ஆகலின் 'காணொலி' என்பது பொருந்தும் எனலாம். ஆனால், லகரமா ளகரமா என்று காலங்கழித்த புலவர்களுள், அக்காட்சிக்குக் கீழே வரிசையாய் நிற்கும் பொத்தான்களுக்குப் பெயரிட முன்வந்தவர் மிகச் சிலரே.

மொழிஞாயிறு பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974-இல் அரசு தொடங்கிய அகரமுதலித் திட்ட இயக்ககம் இன்று 'சொற்குவை' என்னும் இணையத்தளத்தில் கலைச்சொற்களைத் திரட்டி வைக்கின்றது. நல்ல பணி. தளத்தில் இருக்கும் சொல் தறிக்கூடத்திற்கு வந்து சேர்தல் வேறு பணி.

கருவியின் வரலாறு நெடிதன்று. கிரகாம்பெல் தொலைபேசியைக் கண்டது 1876-இல். சென்னையில் தொலைபேசி இணைப்பகம் அமைந்தது 1882-இல். முகம் பார்த்துப் பேசும் பொறியை அமெரிக்கர் 1964-இல் நியூயார்க்குக் கண்காட்சியில் வைத்தனர். விலை மிகுதியால் அது மக்களிடம் செல்லவில்லை. 2003-இல் வந்த இசுகைப்பு, கடல்கடந்த பேச்சைச் செலவற்றதாக்கிப் புகழ்பெற்று, 2025 மே திங்களில் மூடப்பட்டது. 2020 மார்ச்சு 25 முதல் நாடே அடைபட்டபோது சூம், கூகுள் மீட்டு ஆகியன வீடுதோறும் நுழைந்தன. பள்ளிப் பிள்ளைகள் வழியாகவே பல பெற்றோர் அவற்றைக் கற்றனர். தொழிலாளிக்கு அவற்றைக் கற்பித்தார் எவருமிலர்.

இனிச் செலவுக்கு வருவோம். சொல் தெரியாமையால் பணம் போவது இவ்விடத்தில்தான். கூட்டத்தினுள் நுழைந்ததும் ஒலியை எவ்வழியிற் பெறுவது என்று கருவி வினவுகின்றது. வழிகள் மூன்று. இணையத்தின் வழியே பேசுவது முதலாவது. இதற்கு அழைப்புக் கட்டணம் இல்லை, இணைய அளவுமட்டும் குறையும். முகங்காட்டினால் மிகுதியாகவும், ஒலிமட்டும் எடுத்தால் மிகச் சிறிதாகவும் குறையும். ஆகலின் கையிருப்புக் குறைந்தவர் காட்சியை அடைத்துவிட்டு ஒலியோடு இருப்பதே அறிவுடைமை. இரண்டாவது, கொடுக்கப்பட்டிருக்கும் எண்ணுக்குத் தாமே தொலைபேசியிலிருந்து அழைத்து, கூட்ட எண்ணைத் தட்டி நுழைவது. இணையம் இல்லாவிடத்தும் இது கைகொடுக்கும். கட்டணம் அழைப்பவர் தலையில். மூன்றாவது, 'என்னை அழை' என்று தம் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. இதில் அழைப்புக் கட்டணம் கூட்டத்தை நடத்துபவரைச் சாரும். இம்மூன்றிற்கும் இணையவழி, அழைத்து நுழைதல், அழைக்கப் பெறுதல் என்று பெயரிட்டால், கொடுப்பவர் யார் என்பது சொல்லிலேயே விளங்கும்.

பின்னலாடை நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் இருத்துக. செருமனியிலிருந்து துணி வாங்குவோர் அனுப்பும் அழைப்பிதழில் எண்கள் நாடுதோறும் வரிசையாய் இருக்கும். இந்திய எண் இருக்கின்றதா என்று பாராமல் முதலில் உள்ள அயல்நாட்டு எண்ணை அழுத்தினால், அது அயல்நாட்டு அழைப்பாகவே கணக்காகும். கட்டணமிலா எண் என்றிருப்பினும், எந்நாட்டிலிருந்து அழைத்தால் கட்டணமில்லை என்பதைப் பார்த்தல் வேண்டும். நேரமும் அவ்வாறே. மார்ச்சுத் திங்களின் கடைசி ஞாயிறு முதல் அக்தோபரின் கடைசி ஞாயிறு வரை செருமனியின் காலை 10 மணி இங்குப் பகல் 1.30, எஞ்சிய திங்கள்களில் பகல் 2.30. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் அக்கிழமைகளில் ஒரு மணிநேரம் தவறவிட்டு, வேலைப்பேறு இழந்தபின் வருந்திப் பயனில்லை. கட்டணமில்லாக் கணக்கில் சூம் 40 நிமையத்திலும், மூவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிய கூகுள் மீட்டு 60 நிமையத்திலும் அறுந்துபோம். விலை பேசும் இடத்தை முதலிலேயே வைத்துக்கொள்ளல் நன்று.

'ஓசுட்டு' என்பவரை 'விருந்தோம்புநர்' என்று மொழிபெயர்த்தவரும் உளர். விருந்தும் இல்லை, ஓம்பலும் இல்லை. உள்ளே விடவும் வெளியே தள்ளவும் ஆற்றல் படைத்த ஒருவர் அவர். கூட்டுநர் என்க. அவர் உள்ளே விடும்வரை பிறர் காத்திருக்கும் இடத்தைக் 'காத்திருப்பறை' என்கின்றனர், குற்றமில்லை. ஆயினும் கொங்குநாட்டு வீடுகளில் அதற்கென்றே கட்டிவைத்த திண்ணை உண்டே! "திண்ணையில் நால்வர் இருக்கின்றனர், உள்ளே விடுங்கள்" என்றால் இவ்வூர்ப் பாட்டியர்க்கும் விளங்கும். எல்லாரும் பேசக்கூடிய கூட்டத்தைக் கலந்துரை என்றும், சிலர் பேசப் பிறர் கேட்டுமட்டும் இருக்கும் 'வெபினார்' என்பதை இணைய உரையரங்கு என்றும் வேறுபடுத்தல் வேண்டும். இரண்டையும் 'கூட்டம்' என்றே அழைத்தால், குறைகளைச் சொல்லலாம் என்று நம்பி வந்த தொழிலாளி, பேசுதற்குப் பொத்தானே இல்லாத அரங்கில் வாயடைத்து உட்கார நேரும். சில மேலாளர்க்கு அதுவே வசதியாகவும் இருக்கலாம்.

உடனிருத்தல் என்பதற்கே பொருள் மாறிவிட்டது. அமெரிக்காவிலிருந்த மருத்துவர் ஒருவரின் சான்றுரையைக் காணொலி வழியே பெறலாமா என்னும் வழக்கில், உடலால் உடனிராவிடினும் திரைவழி இருத்தலும் இருத்தலே என்று இந்திய உச்சமுறைமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு முறைமன்றங்களுக்குப் பெரும்பயன் விளைத்தது. ஆனால் அதே திரையைக் கள்வரும் கைக்கொண்டனர்.

'டிசிட்டல் அரெசுட்டு' என்னும் சொல்லைக் கேளாதார் இன்று குறைவு. காவல் உடையணிந்த ஒருவன் காணொலி அழைப்பில் தோன்றுகின்றான். நடுவண் புலனாய்வுத் துறை என்றோ, சுங்கத்துறை என்றோ கூறுகின்றான். "உம் பெயரில் வழக்கு இருக்கின்றது, திரையை விட்டு நகரக்கூடாது, எவரிடமும் சொல்லக்கூடாது" என்று மிரட்டி, மணிக்கணக்கில், சிலரை நாட்கணக்கில் கட்டிப்போட்டு, சேமிப்பு முழுவதையும் மாற்றச் செய்கின்றான். 2024 அக்தோபரில் இந்தியத் தலைமையமைச்சரே வானொலியில், அப்படியொரு நடைமுறை சட்டத்தில் இல்லை என்று எச்சரித்தார். இதற்கும் 'எண்மக் கைது' என்று ஒரு தமிழ்ச்சொல் எழுதப்படுகின்றது. இதனைக் கண்டிக்காமல் இருத்தல் இயலாது. ஆங்கிலத்தில் எது வந்தாலும் அதற்கு நேர்சொல் செய்தல் தமிழ்த்தொண்டு ஆகாது. இல்லாத ஒன்றைக் கைது என்று பெயரிட்டால், கள்வன் சொன்ன பொய்க்குத் தமிழே சான்று கூறியதாகும். மிரட்டியவனின் சொல்லை மொழிபெயர்த்தல் வேண்டா. நிகழ்ந்ததற்குப் பெயரிடுதல் வேண்டும். அது திரைமிரட்டல். திரைமிரட்டல் என்று கேள்விப்பட்டிருந்தால், ஓய்வுபெற்ற ஆசிரியர் அழைப்பைத் துண்டித்து 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லியிருப்பார். கைது என்று கேள்விப்பட்டமையாற்றான் நடுங்கி உட்கார்ந்தார்.

திரைப்பகிர்வு என்னும் சொல்லும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. பகிர்வு என்றால் இனிமையாக ஒலிக்கின்றது, சோற்றைப் பகிர்வதுபோல. உண்மையில் அது தம் கைப்பேசியின் முகத்தைப் பிறன் கண்ணுக்குத் திறந்து வைப்பது. முழுத்திரையையும் திறந்தால், அந்நேரம் வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவெண்ணும் அவன் கண்ணில் படும். வாட்சாப்பிலும் 2023 முதல் இவ்வசதி உண்டு. எனவே திரைதிறப்பு என்று வழங்குவதே தகும்; திறப்பதென்றால் எவரும் ஒருமுறை தயங்குவர். ஆடைப்படம் காட்டவேண்டிய பின்னலாடைப் பணியாளர், முழுத்திரையைத் திறவாமல் அப்படம் உள்ள பலகணியை மட்டும் திறக்கலாம். அதற்கும் வழி உண்டு.

பதிவு தொடங்கும்போது சூம் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புச் செய்யும். திரையின் மூலையில் ஒரு குறியும் தோன்றும். ஆங்கிலம் அறியாதார்க்கு அது வெற்றொலி. ஆகவே கூட்டுநர் தமிழில், "பேச்சு பதிவாகின்றது" என்று சொல்லிவிட்டே தொடங்குதல் முறை. சொல்லாவிட்டாலும், எவரேனும் வேறொரு கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பதிந்துகொண்டிருக்கலாம் என்பதையும் மறத்தல் ஆகாது.

இறுதியாக, சிவப்பு நிறத்தில் ஒரு பொத்தான். பிறர் கையில் அது 'வெளியேறு' என்று மட்டும் இருக்கும். கூட்டுநர் அழுத்தினால் இரண்டு வழிகள் காட்டும்: தாம் மட்டும் வெளியேறல் ஒன்று, எல்லார்க்கும் முடித்தல் மற்றொன்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகவேண்டும் என்று புறப்பட்ட கூட்டுநர் ஒருவர் இரண்டாவதை அழுத்திவிட்டால், கூலி பேசிக்கொண்டிருந்த நாற்பது பேரும் ஒரே நொடியில் தெருவில் நிற்பர். முன்னதற்கு 'விடைபெறு' என்றும், பின்னதற்குக் 'கூட்டங்கலை' என்றும் எழுதி வையுங்கள். கூட்டுநர் புறப்படுமுன் துணைக்கூட்டுநர் ஒருவரை அமர்த்திவிட்டு, விடைபெறு என்பதை அழுத்தினால் பேச்சு தொடரும்.