வன்னி மரமும் சுருள் அலகும்

வன்னி நாடு என்றவுடன் குளமும் காடுமே முதலில் நினைவுக்கு வருவன. குளத்தைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசியோர் பலர். காட்டு மரத்தைக் கதவாகவும் கட்டிலாகவும் ஆக்கித் தருகின்ற தச்சுத் தொழிலாளரைப் பற்றிப் பேசியோர் சிலரே. அத்தொழிலாளரின் பட்டறையில் நடுநாயகமாக நிற்பது பலகையின் முகத்தையும் விளிம்பையும் நேராக்கும் சீவல் இயந்திரமாகும். பிளேனர் என்று பட்டறைகளில் வழங்கும் அவ்வியந்திரத்தில் இக்காலத்திற் செய்யத்தக்க ஒரு மாற்றத்தையும், அதனால் வரும் நன்மை தீமைகளையும் சிறிது ஆராய்வோம்.

முதலில் மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். முதிரையும் பாலையும் வன்னிக் காட்டின் தலையாய மரங்கள். பாலை நீரில் மிதவாது அமிழ்ந்துவிடும் அத்துணைப் பாரமுடையது. முதிரையோ பொன்னிறமும் பட்டின் மினுக்கமும் வாய்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற முதிரையை இங்கிலாந்தின் தளபாடத் தொழிலாளர் மிகவும் விரும்பி ஆண்டனர். அம்மினுக்கத்திற்குக் காரணம் யாது? முதிரையின் இழைகள் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒரு படையிலுள்ள இழை வலப்புறம் சாய்ந்தால், அடுத்த படையிலுள்ளது இடப்புறம் சாயும். ஒளி அவற்றில் மாறிமாறிப் படுவதாற் பட்டுப் போன்ற தோற்றம் உண்டாகிறது. கண்ணுக்கு இன்பம் தருகின்ற அவ்வியல்பே கைக்குத் துன்பம் தருகின்றது. ஒரு திசையாகச் சீவினால் ஒரு பட்டை வழுவழுப்பாகும். அதன் அயலிலுள்ள பட்டை சிராய் சிராயாகப் பெயர்ந்து குழி விழும்.

பழைய தச்சர் இதற்கொரு வழி கண்டிருந்தனர். அவர்கள் சீவுளியை நேரே தள்ளாமற் சற்றுச் சரித்துப் பிடித்துத் தள்ளுவர். அப்போது அலகு மரத்தைத் தோண்டிப் பெயர்க்காமல், காய்கறி நறுக்கும் கத்தி போல் வழுக்கிக்கொண்டு அரியும். இழை எப்பக்கம் சாய்ந்திருப்பினும் மரம் பிய்வது குறையும். எளிய உண்மையே ஆயினும், இயந்திரத்தைப் படைத்தோர் நெடுங்காலம் இதனைத் தம் உருளைகளிற் பெரிதும் கொண்டிலர்.

சீவல் இயந்திரத்தின் உள்ளே, இரண்டு மேசைகளுக்கு நடுவில், ஓர் உருக்கு உருளை சுழல்கின்றது. அதிலே நீண்ட நேரான அலகுகள் இரண்டோ மூன்றோ பொருத்தப்பட்டிருக்கும். உருளை நிமிடத்திற்கு 5,000 தடவை சுழல்கிறது எனக் கொண்டால், மூன்று அலகுகள் நிமிடத்திற்கு 15,000 தடவை மரத்தை வெட்டும். ஒவ்வொரு வெட்டிலும் அலகின் முழு நீளமும் பலகையின் முழு அகலத்தையும் ஒரே கணத்தில் அறைகின்றது. பட்டறைக்கு வெளியே நெடுந்தூரம் கேட்கும் அவ்வலறலுக்கும், முதிரைப் பலகையிற் பெயரும் சிராய்க்கும் இவ்வறைதலே முதற்காரணம்.

சுருள் அலகு உருளையின் அமைப்பு வேறு. நீண்ட அலகுகளுக்குப் பதிலாக, ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு சதுரத் தகடுகள் பல, உருளையைச் சுற்றிக் கொடி படர்ந்தாற்போல வரிசையாகத் திருகாணியாற் பொருத்தப்பட்டிருக்கும். எக்கணத்திலும் ஒரு சில தகடுகளே மரத்தைத் தொடும். நல்ல உருளைகளில் ஒவ்வொரு தகட்டின் கூர்முனையும் சற்றுச் சரிவாகவே நிற்கும். சீவுளியைச் சரித்துத் தள்ளிய தச்சரின் கைத்திறன் இங்கே இரும்பில் அமைந்துவிட்டது எனலாம். ஓசை தணிகிறது, சீவல்கள் சிறு துணுக்குகளாகி எளிதில் வெளியேறுகின்றன, சிராய் பெயர்தல் பெரிதும் குறைகின்றது.

அத்தகடுகள் சாதாரண உருக்கினால் ஆனவை அல்ல. தங்குதன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளால் ஆனவை. 1923ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் அதனைக் கருவிகளுக்கு ஏற்றவாறு ஆக்கும் முறையைக் கண்டார். 1926இல் க்ருப் நிறுவனம் அதனை 'விடியா' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'வைரம் போன்றது' என்னும் பொருளுடைய ஜேர்மன் தொடரின் சுருக்கமே அப்பெயர். வைரம் பாய்ந்த மரத்துக்கு வைரம் போன்ற அலகு பொருத்தமானதே. தேக்கிலே கலந்துள்ள மணற்சத்து உருக்கு அலகை விரைவில் மழுக்கிவிடும். காபைட்டு அதனை நெடுநாள் தாங்கும். ஒரு தகட்டுக்கு நான்கு பக்கமும் கூர் உண்டு. ஒரு பக்கம் மழுங்கியதும் திருகாணியைத் தளர்த்தி, தகட்டைக் காற்சுற்றுத் திருப்பிவிட்டால் மீண்டும் புதிய கூர் கிடைக்கும்.

வன்னியில் இதற்கு மற்றுமொரு சிறப்புக் காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர் மனிதரை மட்டும் காயப்படுத்தவில்லை, மரங்களையும் காயப்படுத்தியது. எறிகணைச் சிதறலும் துப்பாக்கி ரவையும் பாய்ந்த மரம், காலம் செல்லச் செல்லப் பட்டை மூடி, வெளியே வடுத் தெரியாமல் நிற்றல் கூடும். இடிந்த வீடுகளிலிருந்து எடுத்த தீராந்தி, வளை, நிலை ஆகியவற்றிலோ முறிந்த ஆணிகள் மறைந்திருக்கும். நேரலகு ஓர் ஆணியிற் பட்டால் அலகிற் பல் விழும். அதன்பின் சீவும் பலகை ஒவ்வொன்றிலும் நெடுக ஒரு வரம்பு தோன்றும். அதனை நீக்க முழு அலகையும் கழற்றித் தீட்டல் வேண்டும். சுருள் உருளையிலோ கெட்ட ஓரிரு தகட்டை மட்டும் திருப்பினாற் போதும். ஆயினும் உலோகம் பட்டுத் தெறிக்கும் காபைட்டுத் துண்டு கண்ணைக் கெடுக்க வல்லது. ஆகவே பழைய மரத்தையும் போர் நிகழ்ந்த காணிகளின் மரத்தையும் உலோகம் காட்டும் சிறு கருவியால் முன்னரே சோதித்தல் எவ்வுருளைக்கும் இன்றியமையாதது.

இனி, குறைகளையும் கூறவேண்டும். முதலாவது, விலை. சுருள் உருளை நேரலகு உருளையிலும் பன்மடங்கு விலையுடையது. நேரலகைப் பட்டறையிலேயே தீட்டிக்கொள்ளலாம். காபைட்டுத் தகட்டை நான்கு பக்கமும் ஆண்டபின் கழித்துவிடுவதே வழக்கம். இரண்டாவது, பொருத்தும் நுட்பம். தகட்டின் அடியில் ஒரு துளி மரத்தூள் இருந்தாலும் அது உயர்ந்து நின்று பலகையிற் கோடு கீறும். திருகாணியை மிகை பலத்துடன் முறுக்கினால் தகடு வெடிக்கும். உருளையை மாற்றியபின், பலகையை ஏற்கும் பின்மேசை, அலகு சுழலும் வட்டத்தின் உச்சியோடு ஒரே மட்டத்தில் நிற்குமாறு திருத்தப்படல் வேண்டும். இன்றேற் பலகையின் நுனியிற் பள்ளம் விழும். மூன்றாவது, சுருள் உருளைக்கு மோட்டர் வலு சற்றுக் கூடுதலாக வேண்டப்படும். வலுக் குறைந்த மோட்டரில் ஒரே முறையில் ஆழமாகச் சீவ முயலலாகாது. அன்றியும், தகடுகள் விட்டுச்செல்லும் மெல்லிய அலைக்கோடுகளை இறுதியில் நீக்கல் வேண்டும். ஈர மரத்தை உலரவைக்கும் பொறுமைக்கு எவ்வுருளையும் ஈடாகாது.

விரலின் காவலும் மறக்கத்தக்கதன்று. முற்காலத்து இயந்திரங்களிற் சதுர உருளை சுழன்றது. அதன் இடைவெளியில் அகப்பட்ட கை மீளவில்லை. பிரித்தானியாவில் 1922ஆம் ஆண்டின் மரவேலை இயந்திர விதிகள், கையாற் பலகை தள்ளும் இயந்திரங்களில் வட்ட உருளையே இருத்தல் வேண்டுமென விதித்தன. சுருள் உருளை ஓசையில் மென்மையானது. ஆனால் அம்மென்மை அதனை ஆபத்தற்றதாக ஆக்கிவிடாது. அலறும் இயந்திரத்தை அஞ்சும் கை, அமைதியான இயந்திரத்தின்முன் அசட்டையாகிவிடக்கூடும். மறைப்பைக் கழற்றாமலும், குறுகிய துண்டுகளைத் தள்ளுகட்டையாலன்றிக் கையால் தள்ளாமலும் வேலை செய்தல் வேண்டும்.

அப்படியாயின் யார் இம்மாற்றத்தைச் செய்யலாம்? நாள்தோறும் மென்மரம் சீவி நிலையும் யன்னலும் செய்யும் பட்டறைக்குக் கூரான நேரலகே போதும். முதிரை, பாலை, தேக்கு ஆகியவற்றை இடைவிடாது ஆளும் பட்டறைக்குச் சுருள் உருளை தன் விலையைத் தானே மீட்டுத் தரும். தனித்து வாங்க இயலாதோர் நால்வர் ஐவர் கூடி ஓரியந்திரத்தை மாற்றிக் கூட்டுறவாக ஆளலாம்.

இதனைச் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பது முறையன்று. 1990ஆம் ஆண்டிலே இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரம் தறித்தல் நிறுத்தப்பட்டது. 2012இல் விரிவடைந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த வீடுகள் ஏறத்தாழ 46,000. அத்தனைக்கும் கதவும் யன்னலும் வேண்டியிருந்தன. தேவை பெருக, மரம் அரிதாயிற்று. சிராய் பெயர்ந்த ஒரு முதிரைப் பலகையின் குழி மறையும்வரை சீவினால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மரம் தூளாகிறது. அம்மில்லிமீற்றர்கள் பல ஆண்டு வளர்ச்சி. ஒரு தலைமுறை நட்டுப் பேணி மறு தலைமுறை வெட்டும் மரத்தைத் தூளாக்காமற் பலகையாக்குவதே தச்சனின் அறம். அவ்வறத்துக்குத் துணைசெய்யுமாயின், புதிய உருளைக்குப் பட்டறையில் இடமளித்தல் தகும்.