தள்ளிவிட்டால் ஓடும் கார்

(சங்க மண்டபத்தில் ஆண்டுக் கூட்டத்தின்போது நிகழ்த்திய பேச்சு)



இன்று எமக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று செயலாளரிடம் சொன்னபோது அவர் சற்றுத் தயங்கினார். "பெரியவர்கள் எல்லாரும் வந்திருப்பார்களே, ஐயா" என்றார். பெரியவர்கள் வருவதனாலேதான் இதைப் பேச விரும்புகிறோம் என்று மறுமொழி கூறினோம். காரணம் பின்னர் விளங்கும்.

மேசைமேல் இருக்கும் இந்தச் சிறிய காரை எல்லாரும் பாருங்கள். இதற்குப் பற்றரி இல்லை. திறப்பு வைத்து முறுக்கும் துவாரமும் இல்லை. இதனை மேசையில் அழுத்தி, ஒரே திசையில் மூன்று நான்கு முறை தேய்த்துத் தள்ளுகிறோம். "குர்ர்" என்று ஒலி எழுகிறது. இப்போது கையை எடுத்துவிட்டோம். ஓடுகிறது. சாய்த்து வைத்த இந்தப் புத்தகத்தின் மேலும் ஏறிவிட்டது! முன்வரிசைச் சிறுவர்கள் சிரிக்கிறார்கள். பின்வரிசைப் பெரியவர்கள் சிலரும் சிரித்ததைக் கண்டோம்.

இந்தக் காரை ஓட்டியது யார்? உள்ளே சுருள்வில் இருக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. அது பிழை. சுருள்வில் வைத்த கார் வேறு இனம். அதனைப் பின்னுக்கு இழுத்து விட்டால் முன்னுக்குப் பாயும். இந்தக் காரைப் பின்னுக்கு இழுத்து விட்டால் பின்னுக்கே ஓடும். எந்தத் திசையில் தள்ளினோமோ அந்தத் திசைதான் அதற்குத் தெரியும். காரைத் திறவாமலே இனம் பிரித்தறிய இது ஒன்றே போதும்.

உள்ளே இருப்பது ஒரு சில்லு. நெல்லுக் குத்தும் மில்லுக்குப் போனவர்கள், எண்ணெய் இயந்திரத்தின் பக்கத்திலே பெரிய இரும்புச் சில்லொன்று சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். மில்காரர் அதனைப் பிளைவீல் என்பார். நாம் இங்கே பாரச்சில்லு என்று சொல்லிக் கொள்வோம். அதற்கு ஒரே ஒரு குணம். நிற்கும்போது சுழல மறுக்கும். சுழலத் தொடங்கிவிட்டால் நிற்க மறுக்கும். இயந்திரத்தின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள வெறுமையை நிரப்பி, ஓட்டத்தைச் சீராக்குவது அந்தப் பிடிவாதந்தான். அதே சில்லைச் சுருக்கி இந்தக் காரின் வயிற்றில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சுருக்கினால் பாரம் குறைந்துவிடுமே? குறைந்ததை வேகத்தால் ஈடு செய்கிறார்கள். இங்கேதான் பற்சில்லுகளின் வேலை. கணக்காக ஒரு காரை எடுத்துக் கொள்வோம். காரின் ஓடும் சில்லு 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ளது. அச்சிலே 40 பல்லுள்ள பற்சில்லு ஒன்று. அது 8 பல்லுள்ள சிறிய பற்சில்லைச் சுழற்றுகிறது. இதனால் வேகம் 5 மடங்கு. அந்தச் சிறியதோடு சேர்ந்த இன்னொரு 40 பல், மறுபடியும் ஓர் 8 பல்லைச் சுழற்றுகிறது. மொத்தம் 25 மடங்கு. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் நாம் காரைத் தள்ளினால், ஓடும் சில்லு செக்கனுக்கு ஏறக்குறைய 8 முறை சுற்றும். உள்ளே இருக்கும் பாரச்சில்லோ 200 முறை சுற்றும். நிமிடத்துக்கு 12,000 சுற்று! ஒரு சிறுவனின் கை இதனைச் செய்கிறது.

பாரச்சில்லு 30 கிராம் நிறையும் 3 சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள தட்டு என்று வைத்துக் கொண்டால், அந்த வேகத்தில் அதனுள் ஏறக்குறைய 2.7 யூல் சக்தி சேர்ந்திருக்கும். காரின் மொத்த நிறை 150 கிராம் என்றால், அதே வேகத்தில் காரின் முன்னோக்கிய ஓட்டத்தில் உள்ள சக்தி 0.075 யூல் மாத்திரமே. சுழல்வதில் உள்ள சக்தி ஓடுவதில் உள்ளதைப் போல் 35 மடங்குக்கு மேல். சாதாரண பொம்மைக் கார் தள்ளியவுடன் நின்றுவிடுவதும், இது அறை முழுவதும் ஓடுவதும் இதனாலேதான்.

க.பொ.த. உயர்தரம் படிக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. இரண்டு மடங்கு வேகமாகத் தள்ளினால் நான்கு மடங்கு சக்தி. ஆகவே மெல்ல மெல்லப் பத்து முறை தள்ளுவதை விட, கடைசித் தள்ளு விரைவாக இருப்பதே முக்கியம். முந்திய தள்ளில் சுழன்றுகொண்டிருக்கும் சில்லை விட மெதுவாகத் தள்ளினால், வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துவிடுவோம். நான்கு வயதுப் பிள்ளை படிக்காமலே இதனை அறிந்து வைத்திருக்கிறது. தள்ளத் தள்ள அதன் கை விரைவதைப் பாருங்கள்.

அழுத்தித் தள்ளுவது எதற்காக? 150 கிராம் காரைத் தள்ளும்போது கையில் ஒரு பாரம் தெரிகிறதல்லவா? மேற்சொன்ன கணக்கின்படி, முன்னுக்குத் தள்ளும்போது அந்தக் கார் 5 கிலோகிராமுக்கு மேற்பட்ட பொருளைப் போல் நடந்து கொள்கிறது. தூக்கிப் பார்த்தால் இலேசு. தள்ளிப் பார்த்தால் கனம். இவ்வளவு கனத்தை இழுக்க ஓடும் சில்லுக்குத் தரையிலே பிடி வேண்டும். காரின் சொந்த நிறை கொடுக்கும் பிடி போதாது, சில்லு வழுக்கிவிடும். கையால் அழுத்தும்போது அந்தப் பிடியை நாம் கடனாகக் கொடுக்கிறோம். இத்தகைய கார்களின் சில்லில் றப்பர் வளையம் போட்டிருப்பதும் இதற்காகவே.

இன்னொரு வேடிக்கை. பாரச்சில்லு முழு வேகத்தில் சுழலும்போது காரைக் கையில் தூக்கி, வலப்பக்கமோ இடப்பக்கமோ சட்டென்று திருப்பிப் பாருங்கள். கார் தானாகவே பக்கவாட்டில் சாய முயலும். பம்பரத்தை விழவிடாமல் நிறுத்தும் குணந்தான் இது. பேச்சு முடிந்ததும் யாரும் வந்து செய்து பார்க்கலாம். சொல்லி விளங்குவதை விடக் கையில் விளங்குவது மேல்.

இந்தப் பொம்மையின் ஊர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டேட்டன் நகரம். ஆகாய விமானம் செய்த ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை இருந்த அதே ஊர். 1890-களின் பிற்பகுதியில் அங்கே வாழ்ந்த போயர் என்ற கணவனும் மனைவியும் இத்தகைய பொம்மைக்குக் காப்புரிமை பெற்றார்கள். டேவிட் கிளார்க் என்பவரின் தொழிற்சாலை அவற்றைச் செய்து "ஹில் கிளைம்பர்" என்று பெயரிட்டு விற்றது. மலையேறி என்பது பொருள். மரமும் இரும்புத் தகடும் கொண்ட உடல். உள்ளே கனத்த சில்லு. அக்காலத்தவற்றிற் சில, பற்களால் அல்லாமல் ஒன்றோடொன்று உரசும் உராய்வினாலேயே சுழற்சியைக் கடத்தின. ஆங்கிலத்தில் இன்றும் இவற்றை உராய்வுப் பொம்மை என்று அழைப்பது அந்தப் பழைய வழக்கத்தால் வந்தது.

பிறகு ஜப்பான். போர் முடிந்த 1945-ம் ஆண்டின் இறுதியிலேயே, கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஒட்சு நகரில் கொசுகே மட்சுசோ என்பவர், எறியப்பட்ட தகரப் பேணிகளை வெட்டி ஜீப் பொம்மைகள் செய்தார். 10 யென் விலைக்குப் போட்டவை உடனே விற்றுத் தீர்ந்தன. அந்த ஜீப்பில் பாரச்சில்லு இல்லை. ஆனால் அதன் பின்னால் வளர்ந்த தொழிலிலே, 1950-களில் உலகமெங்கும் போன தகரக் கார்கள் பலவற்றின் வயிற்றில் பாரச்சில்லு இருந்தது. 1970-ல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் ஓடும் சில்லையே பாரச்சில்லாக்கி, பல்லுள்ள நாடாவைச் செருகி இழுத்துவிடும் காரை வெளியிட்டது.

பொம்மை என்று இகழ்வோருக்கு ஒரு செய்தி. சுவிற்சர்லாந்தின் ஓர்லிகொன் நிறுவனம் இதே தத்துவத்தில் உண்மையான பஸ் வண்டி செய்தது. 1,500 கிலோகிராம் நிறையுள்ள பாரச்சில்லு, நிமிடத்துக்கு 3,000 சுற்று. தரிப்பிடத்தில் கூரைமேல் உள்ள மூன்று கைகளை உயர்த்தி மின்சாரம் பெற்றுச் சில்லைச் சுழற்றிவிட்டு, அடுத்த தரிப்பிடம் வரை புகையில்லாமல் ஓடும். ஒரு முறை சுழற்றினால் ஏறக்குறைய 6 கிலோமீற்றர். 1953 முதல் 1960 வரை இவர்டோன் நகரிலும், சில காலம் கொங்கோவிலும் பெல்ஜியத்திலும் பயணிகளை ஏற்றியது. அதன் சில்லைப் படுக்கையாக வைத்தார்கள். ஏன்? சற்றுமுன் கையில் கார் சாய்ந்ததை நினைத்துக் கொள்ளுங்கள். வளைவில் திரும்பும்போது பயணிகளோடு பஸ் சாயலாமா? பாரமும் தேய்மானமும் மின்செலவும் அதனை வென்றுவிட்டன. ஆனால் தத்துவம் சாகவில்லை. இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜில் ஒரு சிறிய றெயில் பாதையில் 500 கிலோகிராம் பாரச்சில்லு கொண்ட வண்டிகள் 2009-ல் ஓடத் தொடங்கின.

இனி, பெரியவர்கள் வரவேண்டும் என்று விரும்பிய காரணம்.

1960-களில், எமக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. தேர்த்திருவிழாக் கடையில் தகப்பனார் அவனுக்கு ஒரு நீலத் தகரக் கார் வாங்கிக் கொடுத்தார். "நீ பெரியவன்" என்று எமக்கு ஒரு பேனை. மூன்று நாள் அந்தக் கார் எப்படி ஓடுகிறது என்று எண்ணி எண்ணி நித்திரை வரவில்லை. நாலாம் நாள், தம்பி தூங்கும் நேரத்தில், குசினிக் கத்தியால் அடித்தகட்டின் தகர நாக்குகளை நிமிர்த்தித் திறந்துவிட்டோம். பாரச்சில்லைக் கண்டோம், விரலால் சுண்டிச் சுழற்றினோம். அந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. மூடும்போதுதான் நாக்கு இரண்டு முறிந்தன. காரைத் தம்பியின் பாயருகே வைத்துவிட்டு வெளியே போனோம். மாலையில் தகப்பனார் கண்டார். பூவரசந் தடியால் ஐந்து அடி. எமக்கல்ல, தம்பிக்கு. நாம் கதவருகே நின்றோம். வாய் திறக்கவில்லை. குப்பையில் எறிந்த காரிலிருந்து பாரச்சில்லை மட்டும் மறுநாள் எடுத்து வைத்துக் கொண்டோம்.

சென்ற மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய பேரன் இப்படியான ஒரு காரைத் துண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்தான். தகப்பன் கையை ஓங்கினான். தம்பி கதிரையில் இருந்தபடியே, "அடியாதை. உள்ளுக்கை என்ன கண்டனி எண்டு முதல்லை கேள்" என்றார். நாம் பக்கத்தில் இருந்தோம். அன்றும் வாய் திறக்க முடியவில்லை.

மேசைமேல் இருப்பது அந்தக் கார்தான். பேரனும் நாமும் சேர்ந்து பூட்டினோம். அதில் பழுது என்று ஒன்றுமில்லை; அச்சிலே தலைமயிர் சுற்றியிருந்தது, றப்பர் வளையம் ஒன்று கழன்றிருந்தது. பெரும்பாலான கார்கள் இந்த இரண்டினாலேயே "செத்துப்" போகின்றன. மயிரைக் கத்தரித்து எடுத்து, அச்சுக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விட்டால் போதும். றப்பரில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. பழைய தகரச் சாமானைத் திறக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்: ஓரங்கள் கையை வெட்டும். சிலவற்றின் சில்லும் பூச்சும் ஈயம் கலந்தவை. தொட்டபின் கை கழுவ வேண்டும், கைக்குழந்தையின் வாய்க்கு எட்டவிடக்கூடாது.

சங்க நூலகத்தின் பின்னறை வெறுமையாகக் கிடக்கிறது. அதில் ஒரு மேசையும் இரண்டு திருப்புளியும் ஒரு குறடும் வைப்பதற்குச் செயற்குழு இணங்கினால், சனிக்கிழமை மாலைகளில் நாம் வந்திருப்போம். பிள்ளைகள் உடைந்ததைக் கொண்டு வரலாம், உடையாததையுந்தான்.

இது அந்த நீலக் காரின் பாரச்சில்லு. முன்வரிசையிலிருந்து கைக்குக் கைமாறி வரட்டும். இரு விரலால் பிடித்துச் சுண்டிப் பாருங்கள், இன்னும் நன்றாகச் சுழல்கிறது. தம்பி மூன்றாம் வரிசையில் தூணருகே இருக்கிறார். பார்த்து முடிந்ததும் அதனை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.