உறவில் நிக்காஹ் பேசும் முன்
(திருவதிகை குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று தசைச்சிதைவு நோயைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நன்றாக ஓடியாடிய பிள்ளை படியேறத் திணறும். தரையில் உட்கார்ந்தால், தொடையில் கையூன்றித்தான் எழும். உடனே வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்: கண்பட்டுவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், மருமகள் வந்த நேரம் சரியில்லை. தாயத்திலும் எண்ணெய்த் தடவலிலும் இரண்டு மூன்று வருடங்கள் ஓடிவிடும்.

உண்மையில் நடப்பது என்ன? நம் உடம்பின் புரதம் ஒவ்வொன்றும் தஸ்பீஹ் மாலைபோல மணி மணியாகக் கோர்க்கப்படுகிறது. எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்பதை மரபணு சொல்கிறது. கோர்த்த மாலை தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும்.

ஆல்பா சார்கோகிளைக்கன் என்று ஒரு தசைப் புரதம். இதில் 387 மணிகள். இது வேறு மூன்று கூட்டாளிப் புரதங்களோடு சேர்ந்து, தசை சுருங்கி விரியும்போது தசை இழையின் மேலுறை கிழியாமல் காக்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால், 77ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற மணிக்குப் பதில் சிஸ்டீன் வந்துவிடும். மாலை கோணலாக மடியும். உயிரணுவுக்குள் தரம் பார்க்கும் காவல் ஒன்று உண்டு. அது கோணலானதைப் பிடித்து அழித்துவிடும். புரதம் உறைக்குப் போய்ச் சேராது. கூட்டாளி மூன்றும் நிலைக்காது. தசை மெல்ல மெல்லச் சிதைந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும்.

அழிக்கப்படும் அந்தப் புரதத்தை எப்படியாவது உறைக்குக் கொண்டு சேர்த்தால் ஓரளவு வேலை செய்யும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. அதற்கான மருந்தைத் தேடுகிறார்கள். முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. "குணமாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்பவரிடம் நகையை விற்றுக் கொடுக்காதீர்கள்.

இந்த மரபணு நமக்கு இரண்டு பிரதி: உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகட்டும். நோய் வெளியே தெரியாது. இருவருமே இப்படி மறைவாகச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் மருமகளை மட்டும் பழிப்பது என்ன நியாயம்? பாதி நம் மகனிடமிருந்து வந்தது. ஆண் பிள்ளைகளுக்கு வரும் டுஷேன் வகை பெரும்பாலும் தாய் வழியாக வருகிறது. அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாயிடம் இல்லாமல் புதிதாகத் தோன்றுவது. தாயிடம் இருந்தாலும் அது அவர் தேடிக்கொண்டதல்ல.

மாமன் மகள், அத்தை மகன், சாச்சா பிள்ளைகள் ஆகியோருக்குள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். அதனால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் உறவுக்குள் நடந்தவை. இந்திய அளவில் 11 சதவீதம். இது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். நம் மார்க்கம் இதை அனுமதித்திருக்கிறது, கடமையாக்கவில்லை. அனுமதித்ததை யோசித்துச் செய்வதில் குற்றமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், அதே உறவில் நிக்காஹ் பேசும் முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். அடுத்த பிள்ளைக்கு முன்பும் பெறுங்கள்.

முதலில் சிகே என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். அளவு மிக அதிகமாக இருந்தால் புதுச்சேரி ஜிப்மர் நரம்பியல் பிரிவுக்கோ வேலூர் சிஎம்சிக்கோ போகலாம். இருதயத்தையும் மூச்சுத்திறனையும் காலாகாலத்தில் பார்க்க வேண்டும். எந்த அறுவைச் சிகிச்சையானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்நோயை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு ஆபத்து.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவும் உண்டு. தமிழக அரசு மாதப் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. கடலூர் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்ப நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.

சேலத்தில் வானவன்மாதேவி, இயலிசைவல்லபி என்ற சகோதரிகள் இருவருக்கும் இந்நோய். அவர்கள் முடங்கிவிடாமல் ஆதவ் அறக்கட்டளை தொடங்கி, தம்மைப் போன்றவர்களுக்கு உதவினார்கள். வானவன்மாதேவி 2017இல் காலமானார். நாற்காலியில் இருந்தபடியே அவர்கள் செய்ததை எண்ணிப் பாருங்கள். நம் மஹல்லாவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், பள்ளிவாசலுக்கும் அழைத்து வாருங்கள். தூக்கி வர ஆள் வேண்டுமென்றால் நம் வாலிபர்கள் இருக்கிறார்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.