சீட்டுக் கட்டும் செய்யுள் இலக்கணமும்



ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் சீட்டுக் கட்டைப் பற்றிப் பேசப் போகிறான் என்றறிந்து உங்கள் பெற்றோர் சற்றுத் திகைத்திருக்கக் கூடும். அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. பணம் வைத்து ஆடுவோர் எதைக் கவனிக்கத் தவறுகின்றனரோ அதைப் பற்றியதே இப்பேச்சு. எட்டுச் சீட்டுகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாத வீடாயின் எட்டுத் தாள் துண்டுகள் போதும்.

முதலில் யாப்பிலக்கணத்தை நினைவு கூர்வோம். அசை இரண்டு: நேர், நிரை. ஈரசைச் சீர் நான்கு. மூவசைச் சீர் எட்டு. தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய் என்று காய் நான்கு, கனி நான்கு. நாலசைச் சீர் பதினாறு. ஓர் அசை கூடுந்தோறும் தொகை இரட்டிக்கிறது. இவ்வாய்பாடுகளை மனப்பாடம் செய்யும்போது, இதனால் என்ன பயன் என்று முணுமுணுக்காத மாணவனை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. ஒரு பயனை இன்று காட்டுகிறேன்.

கறுப்புச் சீட்டை நேர் என்றும், சிவப்புச் சீட்டை நிரை என்றும் கொள்க. ஒன்று முதல் எட்டு வரை எண்ணுள்ள சீட்டுகளில் 1, 2, 3, 5 ஆகியவை கறுப்பாகவும், 4, 6, 7, 8 ஆகியவை சிவப்பாகவும் இருக்குமாறு எடுத்து, எண் வரிசையில் அடுக்குங்கள். முதல் மூன்றும் கறுப்பு. நேர் நேர் நேர், தேமாங்காய். இரண்டாவதிலிருந்து மூன்றைப் பார்த்தால் நேர் நேர் நிரை, தேமாங்கனி. அடுத்து நேர் நிரை நேர், கூவிளங்காய். அதன்பின் புளிமாங்கனி, கூவிளங்கனி, கருவிளங்கனி என்று வரும். ஏழாவதிலும் எட்டாவதிலும் தொடங்கும்போது வட்டமாகச் சுற்றி முதற் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டால் கருவிளங்காயும் புளிமாங்காயும் கிடைக்கும். எட்டுச் சீரும் வந்துவிட்டன. எதுவும் இருமுறை வரவில்லை.

இனி வித்தை. கட்டைக் கவிழ்த்து நண்பர்களிடம் கொடுத்து, எத்தனை முறை வேண்டுமாயினும் வெட்டச் சொல்லுங்கள். பின்னர் மூவர் மேலிருந்து ஆளுக்கொரு சீட்டாக வரிசையாய் எடுக்கட்டும். "சிவப்புச் சீட்டு வைத்திருப்பவர் மட்டும் கை தூக்குங்கள்" என்பதே நீங்கள் கேட்க வேண்டுவது. முதலாமவரும் மூன்றாமவரும் தூக்கினால் நிரை நேர் நிரை, புளிமாங்கனி. அது நான்கில் தொடங்குவது. ஆகவே அவர்கள் கையில் இருப்பவை நான்கு, ஐந்து, ஆறு. (எண்கள் தொடர்ந்து வந்தால் கூர்மையுள்ளவர் ஐயுறுவர். பழகியபின், நிற வரிசையைக் காத்து எண்களை மட்டும் மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் பூம்பாறையில், மழை பிடித்து வெளியே செல்லவியலாத மாலைகளில் இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதுண்டு. ஒருநாள் ஒரு சிறுமி, "ஐயா, வெட்டினால் தொடக்கந்தானே மாறுகிறது, வரிசை மாறவில்லையே!" என்றாள். மாலையை எந்தப் பூவில் பிடித்துத் தூக்கினாலும் பூக்களின் வரிசை மாறாதன்றோ? வித்தையின் உயிர்நிலை அதுவே. வெட்டுவது கலைப்பதாகாது.

வடமொழி யாப்பிலும் இப்படி ஒன்று உண்டு. குறில் நெடிலாலான மூவெழுத்துக் கணங்கள் எட்டையும் நினைவிற் கொள்ள 'யமாதாராஜபானஸலகாம்' என்றொரு சொல்லை வகுத்தனர். அதன் பத்து எழுத்துகளில் கடை இரண்டின் குறில் நெடில் அமைப்பும் முதலிரண்டின் அமைப்பும் ஒன்றே. ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தி வளைத்தால் எட்டெழுத்து வட்டமாகிவிடும். இத்தகைய வட்டங்கள் டச்சு நாட்டுக் கணித அறிஞர் டி புரூயினின் பெயரால் இன்று வழங்குகின்றன. அவரது கட்டுரை 1946இல் வெளிவந்தது. பெர்சி டயக்கோனிஸ், ரான் கிரஹாம் என்னும் இரு கணித அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட நூலில் முப்பத்திரண்டு சீட்டுகளும் ஐந்து பேரும் கொண்டு இவ்வித்தையை விளக்கியுள்ளனர். டயக்கோனிஸ் பதினான்காம் வயதில் வீட்டை விட்டு ஒரு மந்திர வித்தைக்காரருடன் ஊர் சுற்றக் கிளம்பியவர். பிற்காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். முதற்பகுதியை நீங்கள் பின்பற்ற வேண்டா.

அப்படியாயின் உண்மையாகக் கலைப்பது எப்படி? இக்கேள்வி விளையாட்டன்று. எங்கள் மலையில், பூண்டு விற்ற பணத்துடன் திரும்பும் வழியில் மங்காத்தா ஆடி வெறுங்கையுடன் வீடு சேர்ந்த ஒருவரை நான் அறிவேன். மங்காத்தாவில் ஒரு சீட்டைக் குறித்துக்கொண்டு, உள்ளே, வெளியே என்று மாறி மாறிச் சீட்டுப் போடுவர். அதே எண்ணுள்ள சீட்டு எப்பக்கம் முதலில் விழுமோ அப்பக்கம் வெற்றி. நன்கு கலைந்த கட்டில், முதற் சீட்டு விழும் பக்கம் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 51.5. ஏறக்குறையச் சரிபாதி. ஆனால் கட்டு கலையாவிடில் இக்கணக்கு செல்லாது. வரிசையை அறிந்தவன் வைத்ததே விதி. கட்டை எப்படிக் கலைத்தனர் என்று அவரைக் கேட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

1967இல் உச்சநீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமையால் ஆடப்படுவது என்று தீர்ப்பளித்தபோதும், சீட்டுகள் பகிரப்படுவதில் தற்செயல் உண்டு என்றும், அது கலைத்த கட்டில் அவை அமையும் இடத்தைப் பொறுத்தது என்றும் கூறியது. கலைத்த கட்டு மெய்யாகவே கலைந்ததா என்பதற்குக் கணிதம் பின்னரே விடை தந்தது.

கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளும் இடையிடையே புகுமாறு பெருவிரல்களால் சலசலவென்று விட்டுக் கலைக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். சீட்டுகளுக்கு 1 முதல் 52 வரை எண்ணிடுங்கள். ஒருமுறை கலைத்தபின், மேல் பாதியின் எண்கள் தமக்குள் ஏறுமுகமாகவே இருக்கும். கீழ்ப் பாதியும் அவ்வாறே. ஆக, ஏறுவரிசை இரண்டுக்கு மேல் இராது. மறுமுறை கலைத்தால் நான்கு, பின் எட்டு. நம் சீர்களைப் போலவே இரட்டிக்கிறது. ஐந்து முறைக்கு 32. ஆனால் தலைகீழாய் அடுக்கிய கட்டில் ஏறுவரிசைகள் 52 உள்ளன. எனவே, ஐந்து முறை கலைத்தால் அந்த அடுக்கு வரவே இயலாது. வர முடியாத அடுக்குகள் இருக்கும்போது, எல்லாம் சமவாய்ப்பு என்பது எங்ஙனம்?

1992இல் டேவ் பேயரும் டயக்கோனிஸும் இதை முற்றக் கணக்கிட்டனர். சிறிதும் கலையாமைக்கு ஒன்று, முழுக் கலைவுக்குச் சுழி என்று அளவு வைத்தால், நான்கு முறை வரை அளவு ஏறக்குறைய ஒன்றிலேயே நிற்கிறது. ஐந்தில் 0.924, ஆறில் 0.614, ஏழில் 0.334, எட்டில் 0.167. அதன்பின் ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஏழு முறை என்று அறிஞர் கூறுவது இதனாலேயே. நம் ஊர்த் திண்ணைகளில் கொத்துக் கொத்தாக எடுத்து முன்னும் பின்னும் சேர்க்கிறார்களே, அம்முறைக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும்!

இதிலும் ஒரு விந்தை உளது. கை பிசகாமல், சரிபாதியாய்ப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால் கட்டு கலைவதே இல்லை. உங்கள் எட்டுச் சீட்டுகளையே எடுங்கள். முதல் சீட்டு முதலிலும் எட்டாவது கடைசியிலும் நிற்குமாறு கோத்தால் 1, 5, 2, 6, 3, 7, 4, 8 என்றாகும். மீண்டும் கோத்தால் 1, 3, 5, 7, 2, 4, 6, 8. மூன்றாம் முறை பழைய வரிசையே திரும்பிவிடும். ஐம்பத்திரண்டு சீட்டுகளும் எட்டே முறையில் திரும்புகின்றன. இரண்டை எட்டு முறை பெருக்கினால் 256, அதை 51ஆல் வகுத்தால் மீதி ஒன்று என்பதே காரணம். பத்துச் சீட்டுகளுக்கு ஆறு முறை வேண்டும். பதினாறு சீட்டுகளுக்கோ நான்கே போதும். அது ஏன் என்று இன்றிரவு தாளும் பென்சிலும் கொண்டு பாருங்கள்.